மனு தனி, தோல் கடிதம் தனி: ஏஐ செயலியில் வேலைகளைப் பிரித்து வைப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு டிடிபி கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் பட்டா மாறுதல் மனு, மதியம் ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக்கு ஆங்கிலக் கடிதம், சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை. மூன்றையும் ஏஐ செயலியில் ஒரே உரையாடலில் ஓட்டினால் சிக்கல்தான். மனையையும் சதுர அடியில் சொல்கிறோம், தோலையும் சதுர அடியில் அளக்கிறோம். காலையில் பேசிய சென்ட் கணக்கு மதியம் தோல் கடிதத்தில் எட்டிப் பார்க்கும். உரையாடலில் முன்னால் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துத்தான் ஏஐ பதில் சொல்லும். எது எந்த வேலைக்குரியது என்று அது தானாகப் பிரித்துக்கொள்ளாது.

இதற்கான வசதிதான் புராஜெக்ட். கிளாட் என்ற ஏஐ செயலியில் 2024 ஜூனிலும், சாட்ஜிபிடியில் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனிக் குறிப்புரை (ஏஐக்கு நிரந்தரமாகச் சொல்லி வைப்பது), தனிக் கோப்புகள், தனி உரையாடல்கள்.

எத்தனை வேண்டும்? இரண்டு கேள்விகள் போதும். ஏஐக்கு நீங்கள் நிரந்தரமாகச் சொல்லி வைக்கும் குறிப்பு மாறுகிறதா? ஒருவர் தகவல் இன்னொருவர் கண்ணில் பட்டால் வம்பா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் தனியாகப் பிரியுங்கள். பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் குறிப்பு ஒன்றே, எனவே ஒரே புராஜெக்ட். இரண்டு தோல் கம்பெனிகளுக்குக் குறிப்பு ஒன்றேயானாலும் தனித்தனிதான். ஒருவர் விலை மற்றவர் கடிதத்தில் வந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். பத்திரிகைக்கு ஒன்று போதும். ஆளுக்கொரு புராஜெக்ட் போட ஆரம்பித்தால் ஒரே மாதத்தில் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இடப்பக்கப் பட்டியில் புராஜெக்ட்ஸ் என்பதைத் திறந்து புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். பெயரில் வேலையும் எல்லையும் தெரியட்டும்: ‘வருவாய்த்துறை மனு, தமிழ்’. ‘ஆபீஸ் வேலை’ என்று வைத்தால் எல்லாம் அதிலேயே வந்து விழும். சாட்ஜிபிடியில் நினைவகத்தை (பழைய உரையாடல்களிலிருந்து அது நினைவில் வைத்துக்கொள்வதை) அந்த புராஜெக்டுக்குள் மட்டும் நிறுத்தும் தேர்வு இருக்கிறது. அதை உருவாக்கும்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு, பிரித்த பிறகும் ஏன் கலக்கிறது என்று கேட்கிறார்கள்.

அடுத்தது குறிப்புரை. நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ‘நல்ல தமிழில் எழுது’ என்பதெல்லாம் குறிப்பே அல்ல. மனு புராஜெக்டுக்கு இப்படி எழுதலாம்:

“வருவாய்த்துறைக்கான தமிழ் மனு. ஒரு பக்கத்துக்குள் முடிக்கவும். அனுப்புநர், பெறுநர், பொருள், விவரம், இணைப்புகள், இடம், நாள் என்ற வரிசை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு ஆகியவை வேலூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய பத்திரத்தில் உள்ள மாவட்டப் பெயரை மாற்ற வேண்டாம். பரப்பை ஆவணத்தில் உள்ள அலகிலேயே எழுதவும். 1 சென்ட் 435.6 சதுர அடி. புல எண், உட்பிரிவு எண் கொடுக்கப்படாவிட்டால் ஊகிக்காமல் கோடு போட்டு விடவும்.”

மாவட்ட வரி சும்மா சேர்த்ததல்ல. வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது. அதில் வந்த வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. ஆம்பூரை ‘வேலூர் மாவட்டம்’ என்று சொல்லும் பழைய எழுத்து இணையத்தில் நிறைய இருப்பதால் ஏஐயும் அதையே எழுதிவிடும். மறுபக்கம், 1970-களின் பத்திரத்தில் உள்ள ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்பதைத் ‘திருத்தியும்’ கொடுக்கும். இரண்டும் தப்பு.

தோல் புராஜெக்டில் குறிப்பு வேறு: மொழி ஆங்கிலம், வெட் புளூ, கிரஸ்ட் (பதனிடுதலின் இடைநிலைத் தோல்கள்) போன்ற தொழிற்சொற்கள் அப்படியே, பரப்பு சதுர அடியில், வெளிநாட்டுக்காரர் சதுர மீட்டரில் கேட்டால் 1 சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி, தடிமன் மில்லிமீட்டரில்.

கோப்புகளில்தான் தமிழுக்கே உரிய தொல்லை. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வராமல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். இல்லையென்றால் ஏஐக்குக் குப்பைதான் கிடைக்கும், அதையும் நம்பிக்கையாகப் படித்துச் சொல்லும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் படம். முக்கியமான எண்களைக் கையால் தட்டச்சு செய்து கொடுங்கள். மாதிரி மனு இரண்டு மூன்று போதும். இருபது மாதிரிகளை ஏற்றினால் பழைய தேதியும் பெயரும் புதிய மனுவுக்குள் நுழையும். மாதிரிகளில் பெயர், ஆதார் எண், கைபேசி எண் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

புராஜெக்டுக்குள்ளும் ஒரு மனுவுக்கு ஒரு உரையாடல். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (ஏஐ எழுத்தைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) பிடிப்பதால் உரையாடல் சீக்கிரம் நிரம்பும். நீள நீள ஆரம்பத்தில் சொன்னது மங்கும். அப்படித் தோன்றினால் முடிவான விவரங்களைச் சுருக்கித் தரச் சொல்லி, அதைப் புதிய உரையாடலில் ஒட்டித் தொடருங்கள்.

எல்லாம் அமைத்ததும் ஒரு சோதனை. தோல் புராஜெக்டில் புதிய உரையாடல் திறந்து, “1,200 சதுர அடி எவ்வளவு?” என்று மட்டும் கேளுங்கள். சதுர மீட்டர் வந்தால் சரி. சென்ட் வந்தால் பொது நினைவகம் கலக்கிறது. அமைப்புகளில் போய் நினைவில் உள்ளதைப் பார்த்து, வேண்டாததை அழியுங்கள்.

வேலை முடிந்த புராஜெக்டை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். சாட்ஜிபிடியில் அழித்தால் உள்ளே இருக்கும் உரையாடல்களும் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். கிளாடில் காப்பகத்துக்கு மாற்றி வைக்கலாம். எதுவானாலும் குறிப்புரையை மட்டும் தனிக் கோப்பில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த புராஜெக்டுக்கு முக்கால்வாசி அதுவே ஆகும்.