குறைந்த செலவில் சமையலறை அலமாரிகள்: அளவெடுப்பதிலிருந்து பொருத்துவது வரை

மாடுலர் கிச்சன் செய்ய வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் நம் முன் விரிக்கப்படுவது கதவுகளின் நிற அட்டைதான். செலவைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: எந்தப் பெட்டிக்கு எந்தப் பலகை, சதுர அடியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், மொத்தம் எத்தனை இழுப்பறைகள். எங்கள் வீட்டு அலமாரிகளை உள்ளூர்த் தச்சர் ஒருவரைக் கொண்டு செய்து முடித்த பிறகு, இதே வேலையில் இறங்கும் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். மின்சாரம், குழாய் வேலைகள் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: மேடைக்குக் கீழே ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் கிரானைட் மேடை பெரும்பாலும் செங்கல் சுவரின் மேலோ செங்குத்தாக நிறுத்திய கடப்பா கற்களின் மேலோ உட்கார்ந்திருக்கும். பழைய வீடாக இருந்தால் குறுக்குத் தட்டும் கடப்பா கல்லாகவே இருக்கும். இப்படிப்பட்ட மேடை இருப்பவர்களுக்குக் கார்கஸ் எனப்படும் பலகைப் பெட்டியே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கல்லின் முன்விளிம்பை ஒட்டி அலுமினியத்திலோ நல்ல மரத்திலோ ஒரு சட்டம் அமைத்து, அதில் கதவுகளை மட்டும் மாட்டினால் போதும். கல் தண்ணீரில் ஊறாது, கரையானுக்கும் இரையாகாது. மிஞ்சும் பணத்தைக் கதவுக்கும் கீல்களுக்கும் செலவழிக்கலாம்.

இழுப்பறை வேண்டுமென்றால், அடுப்புக்குப் பக்கத்தில், கற்களுக்கு இடையே உள்ள ஏதேனும் ஒரு அறையை மட்டும் தேர்ந்து, அதற்குள் அளவாக ஒரு பிளைவுட் பெட்டியைச் செருகி, அதில் சேனல் (இழுப்பறை ஓடும் உலோகத் தண்டவாளம்) பொருத்தச் சொல்லுங்கள். கடப்பா கற்கள் நேர்க்குத்தாக நிற்கின்றனவா என்பதைத் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துவிட்டே அளவெடுக்க வேண்டும். மேலே 20 அங்குலமும் கீழே 19 அங்குலமுமாக இருக்கும் அறைகள் சாதாரணமாகக் காணக்கூடியவை.

இரண்டாம் படி: பொருள்களை அளந்த பிறகு பெட்டிகளை அளவிடுங்கள்

வடிவமைப்பாளர் தரும் வரைபடம் பார்க்க அழகாக இருக்கும். அதில் டேபிள் டாப் கிரைண்டருக்கு இடம் இருக்காது. வீட்டிலுள்ள பெரிய இட்லிப் பானை, பெரிய குக்கர், அரிசி டின், கிரைண்டர், மிக்சி ஆகியவற்றின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் எழுதி, அவை எந்தத் தட்டில் நிற்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கிரைண்டரைத் தினமும் தூக்கி வைப்பது முதுகுக்கு நல்லதல்ல என்பதால், அதற்கு மேடையின் மேலேயே ஒரு மூலையும் பிளக்கும் ஒதுக்குவதைப் பரிந்துரைக்கிறேன்.

மேடையின் உயரம் பொதுவாக 32 முதல் 34 அங்குலம் வரை, ஆழம் 24 அங்குலம். அதிக நேரம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கும்போது மேடை முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருந்தால் தோள்பட்டை வலிக்காது. மேல் அலமாரியின் ஆழம் 12 அங்குலத்தைச் சுற்றி இருக்கட்டும். அதற்கு மேல் போனால் நறுக்கும்போது நெற்றி இடிக்கும்.

எரிவாயு சிலிண்டரை மேடைக்குக் கீழே வைப்பவர்கள், அந்த அறையின் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். கதவின் மேற்பகுதியில் மட்டும் துளையிட்டுப் பயனில்லை.

மூன்றாம் படி: பலகையைத் தேர்வு செய்தல்

ஒரு சமையலறை முழுவதற்கும் ஒரே பலகை என்று முடிவு செய்வதுதான் செலவை ஏற்றுகிறது. தண்ணீர் படும் பெட்டிகளையும் படாத பெட்டிகளையும் பிரித்துவிடுங்கள்.

சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டிக்கும் அதன் இருபுறப் பெட்டிகளுக்கும் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் முத்திரையுள்ள பிளைவுட் வாங்க வேண்டும். கடைக்காரர்கள் இதை மரைன் அல்லது பிடபிள்யூபி (கொதிநீரிலும் பசை விடாதது) என்பார்கள். இந்தத் தரத்துக்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு, பசை விடுகிறதா என்று பார்க்கிறார்கள். மற்ற கீழ்ப் பெட்டிகளுக்கு ஐஎஸ் 303 தரத்தில் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீரை ஓரளவு தாங்கும்) வகை போதுமானது. எம்ஆர் என்ற வகையும் இதே ஐஎஸ் 303 எண்ணின் கீழ்தான் வந்துகொண்டிருக்கிறது. அது ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல், பலகையில் எம்ஆர் என்றிருக்கிறதா பிடபிள்யூஆர் என்றிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட உரிமம், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கட்ட வேண்டாம்.

மேல் அலமாரிகளுக்கும் பரணுக்கும் ஹெச்டிஹெச்எம்ஆர் பலகை (மரநாரை அழுத்திச் செய்த, ஈரப்பதத்தைத் தாங்கும் பலகை) நல்ல தேர்வு. அடர்த்தியாக இருப்பதால் திருகாணி நன்றாகப் பிடிக்கும், பரப்பு சமமாக இருப்பதால் மேலே ஒட்டும் அலங்காரத் தாளான லேமினேட் சுத்தமாக ஒட்டும். ஆனால் கனம் அதிகம் என்பதால் சுவரில் மாட்டும் ஆணிகளில் கஞ்சத்தனம் கூடாது. மரத்துகள்களை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு எல்லாவற்றையும்விட மலிவு. வாடகை வீட்டுக்கோ சில ஆண்டுப் பயன்பாட்டுக்கோ என்றால் மேல் அலமாரிகளில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதன் வெட்டுமுனையில் தண்ணீர் ஏறினால் பலகை உப்பிவிடும், உப்பிய பலகை மறுபடி பழைய நிலைக்கு வராது. கீல் திருகாணி ஒருமுறை பிய்ந்து வந்தால் அதே துளையில் மீண்டும் நிற்காது.

பிவிசி பற்றிப் பலர் கேட்கிறார்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் அது அஞ்சாது என்பது உண்மை. உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிவிசி தட்டுகள் எவர்சில்வர் பாத்திரங்களின் கனத்தில் நடுவில் தொய்யும், அடுப்பின் சூட்டுக்கு அருகில் நெளியும். அதனால் அடுப்பை ஒட்டிய அறைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த பகுதிகளில் தரைத்தளத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் கீழ்ப் பெட்டிகளைக் கல்லிலோ மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கெட்டியான டபிள்யூபிசி பலகையிலோ செய்துகொள்வதுதான் சரி.

நான்காம் படி: சதுர அடிக் கணக்கு

இந்தப் படியில் பொறுமை வேண்டும். இரண்டு பேரிடம் விலைப்பட்டியல் வாங்கி, சதுர அடிக்கு யார் குறைவாகச் சொல்கிறார்கள் என்று ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனெனில் ஒரே சமையலறையை இருவரும் ஒரே அளவாகக் கணக்கிடுவதில்லை.

எல் வடிவச் சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவர் 10 அடி, மற்றது 8 அடி, மேடையின் ஆழம் 2 அடி. சுவர் நீளத்தை அப்படியே கூட்டுபவருக்கு 18 அடி வரும். மூலையிலுள்ள 2 அடியை ஒருமுறை மட்டும் எண்ணுபவருக்கு 16 அடி. கதவு தெரியும் முகப்பை மட்டும் அளப்பவருக்கு இருபுறமும் மூலை கழிந்து 8 அடியும் 6 அடியும் சேர்ந்து 14 அடி. கீழ்ப் பெட்டியின் உயரம் இரண்டரை அடி என்றால் இவை முறையே 45, 40, 35 சதுர அடி. சதுர அடிக்கு 1,400 ரூபாய் என்று சொல்பவர் முதல் முறையில் அளந்தால் 63,000 ரூபாய். 1,600 ரூபாய் என்று சொல்பவர் மூன்றாம் முறையில் அளந்தால் 56,000 ரூபாய். விலை அதிகம் சொன்னவரிடம்தான் செலவு குறைவு. ரூபாய்கள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. பெட்டிக்குக் கீழே வரும் 4 அங்குலக் கால்களையும் அவற்றை மறைக்கும் ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்து அளக்கிறாரா, சேர்க்காமல் அளக்கிறாரா என்று கேளுங்கள். ரன்னிங் ஃபீட் (நீள அடி) கணக்கில் விலை சொல்பவரிடம், அதில் மேல் அலமாரி அடங்குமா, பரண் அடங்குமா என்று கேளுங்கள். கூடைகள், சேனல்கள், கைப்பிடிகள், பக்கவாட்டுப் பூச்சு, ஏற்றுக்கூலி, ஜிஎஸ்டி ஆகிய ஒவ்வொன்றும் உள்ளா வெளியா என்பதை வரிவரியாக எழுதி வாங்குங்கள். ஒப்பிட வேண்டியது இறுதித் தொகையை மட்டுமே.

சொல்லப்படும் விலை நியாயமானதா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம், 22 அங்குல ஆழமுள்ள ஒரு கீழ்ப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். இரு பக்கங்கள், அடித்தளம், மேலே 4 அங்குலப் பட்டைகள் இரண்டு, உள்ளே ஒரு தட்டு என 18 மில்லிமீட்டர் பலகை ஏறக்குறைய இருபத்தொன்றரை சதுர அடி ஆகும். கதவுகள் இன்னும் ஏழரை. மொத்தம் 29 சதுர அடி, அதாவது வெட்டுச் சேதாரத்தோடு எட்டுக்கு நான்கு அளவுள்ள ஒரு முழு ஷீட். பின்பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் பலகை தனியாக ஏழரை சதுர அடி. ஆக, முகப்பில் ஏழரை சதுர அடிக்கு நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு முழு ஷீட்டின் விலை அடங்கியாக வேண்டும். ஐஎஸ் 710 பிளைவுட் என்று சொல்லிவிட்டு, அந்த ஷீட்டின் கடை விலையே தேறாத தொகையை ஒருவர் கேட்கிறார் என்றால், வரப்போவது வேறு பலகை என்று பொருள். முதல் படியில் கடப்பா கல்லை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது: பெட்டி போனால் 29 சதுர அடி ஏழரையாகக் குறைகிறது.

ஐந்தாம் படி: கீல், சேனல், கூடை

கீல்களில், கதவை இடிக்காமல் மெல்ல மூடும் சாஃப்ட் க்ளோஸ் வகையை வாங்குங்கள். ஹெட்டிச், எப்கோ, ஹாஃபெலே ஆகியவற்றில் எது உங்கள் ஊரில் உடனே கிடைக்கிறதோ அது போதும். கீல் ஒன்று பழுதானால் மாற்று கிடைக்க வேண்டும் என்பதே நான் பார்க்கும் முதல் தகுதி. கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை கிராங்க் எண் சொல்கிறது. பெட்டியின் பக்கத்தைக் கதவு முழுதாக மறைத்தால் ஜீரோ கிராங்க், ஒரே பலகையை இரு கதவுகள் பங்கிட்டால் 8 கிராங்க், கதவு சட்டத்துக்குள் அமர்ந்தால் 16 கிராங்க். கடப்பா கல் மேடையில் நடுக் கற்களை இருபுறக் கதவுகளும் பங்கிடும் என்பதால் 8 கிராங்க் அதிகம் தேவைப்படும். எண்ணிக்கையைத் தச்சரிடம் உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

உலோகப் பக்கங்களோடு ஆயத்தமாக வரும் டேண்டம் பாக்ஸ் இழுப்பறைகள் அருமையானவை, விலையும் அப்படியே. பிளைவுட்டில் செய்த இழுப்பறைக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் டெலஸ்கோப்பிக் சேனல் போட்டால் செலவு வெகுவாகக் குறையும். கரண்டி, தட்டு, டம்ளர் வைக்க அது தாராளமாகப் போதும். இழுப்பறை மூன்று இருந்தால் ஒரு குடும்பத்துக்கு நிறைவு, மற்றவற்றைக் கதவும் தட்டுமாகவே விடுங்கள்.

கம்பிக் கூடைகள் 304 தர எவர்சில்வரா என்று காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஈரப் பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் முதலில் துருப்பிடிப்பது 202 தான். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது மருந்துத் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: லேமினேட்டும் விளிம்பும்

தாளிப்பு எண்ணெய் தெறிக்கும் சமையலறைக்கு, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மேட் லேமினேட்டைவிடச் சிக்கனமான, உழைக்கும் பூச்சு எனக்குத் தெரிந்தவரை இல்லை. அக்ரிலிக் பளபளக்கும், தேய்த்துத் தேய்த்துத் துடைத்தால் கீறல் விழும். கதவின் உட்புறத்துக்கும் மெல்லிய லேமினேட் கட்டாயம் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு சில மாதங்களில் வில்லாக வளையும்.

விளிம்புக்கு பிவிசி எட்ஜ் பேண்ட் எனப்படும் பட்டை, கதவுகளுக்கு 2 மில்லிமீட்டர், பெட்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். இதைக் கையால் பசை தடவி ஒட்டவிடாதீர்கள். பலகை அறுக்கும் பேனல் சா, எட்ஜ் பேண்டிங் எந்திரம் இரண்டும் வைத்திருப்பவர்கள் ஜாப் ஒர்க்காகச் செய்து தருகிறார்கள். வெட்டும் அளவுப் பட்டியலைத் தச்சர் கொடுத்தால் போதும். விளிம்பு மூடாத இடத்தில்தான் தண்ணீர் நுழைகிறது, ஆகவே சிங்க் குழாய்க்காகத் துளையிட்ட இடங்களிலும் சிலிகான் பூசச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பொருத்தும் நாள்

பெட்டியின் பின்பலகை சுவரைத் தொடக்கூடாது, குறிப்பாக ஈரச் சுவராக இருந்தால் சிறிது இடைவெளியோடு நிறுத்த வேண்டும். ஸ்கர்ட்டிங்கை ஆணி அடிக்காமல் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். கழற்றி உள்ளே கழுவிவிட முடியும், கரையான் பாதை தெரிந்தால் உடனே கண்ணில் படும். அடுக்குமாடிகளில் சுவர் ஏஏசி பிளாக்காக (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) இருக்கக்கூடும். இதைப் படித்துவிட்டு மேல் அலமாரி மாட்டிய ஒரு வாசகர் ஆணி சுவரில் பிடிக்கவில்லை என்று எழுதியதால் இதைப் பின்னர் சேர்க்கிறேன்: சாதாரண பிளாஸ்டிக் பிளக் அந்தச் சுவரில் நிற்காது. ஏஏசிக்கென்றே விற்கும் நீள ஆங்கர்களை வாங்கி, சுவரில் இரும்புப் பட்டை பொருத்தி, அதில் பெட்டியைத் தொங்கவிட வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பாருங்கள். சிங்க்கை நிரப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். மிஞ்சிய லேமினேட் துண்டுகளையும் அதன் எண் அச்சிட்ட அட்டையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே நிறம் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து போய்விடலாம்.