விசிட்டிங் விசாவில் வந்து கல்யாணம்: மதுரைக்காரர்கள் மனுப் போடும் முன்

"விசிட்டிங் விசா எடுத்துப் போனாப் போதும், மத்ததை மாப்பிள்ளை அங்க பாத்துக்குவாரு." மதுரைப் பக்கம் அமெரிக்க மாப்பிள்ளைச் சம்பந்தம் பேசும் இடங்களில் காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் ட்ராவல்ஸ்காரராக இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வார். இதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி அமெரிக்காவில் வந்து இறங்கியவர்களுக்காக இது.

முதலில் கேட்க வேண்டியது, மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வைத்திருப்பவரா என்பது. ஊரில் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள். குடிமகனின் மனைவிக்கோ கணவருக்கோ வருடாந்திர ஒதுக்கீடு, வரிசை எதுவும் கிடையாது. ஐ-130 (உறவைக் காட்டும் மனு), ஐ-485 (கிரீன் கார்டு மனு) இரண்டையும் இங்கிருந்தே ஒன்றாகப் போடலாம். முறையாகச் சோதனை முடிந்து உள்ளே வந்தவர் என்றால், ஐ-94 தேதி, அதாவது தங்க அனுமதித்த கடைசி நாள், கடந்துபோயிருந்தாலும் போடலாம். கிரீன் கார்டுக்காரரின் துணைக்கோ ஒதுக்கீட்டு வரிசை உண்டு. தன் முறை வருவதற்குள் ஐ-94 தேதி முடிந்தால் இங்கிருந்தபடி மாற்றும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் மாப்பிள்ளை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அவருக்கே இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

சரி, குடிமகன்தான். அடுத்தது, விமான நிலையத்தில் நீங்கள் சொன்னது. பி-2 என்ற இந்த விசிட்டிங் விசா, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்ற வாக்கின்மேல் கொடுக்கப்படுவது. வந்த பிறகு மனம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டால் குற்றமில்லை. ஆனால் மதுரையில் நிச்சயம் முடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, இங்கே அதிகாரியிடம் "அத்தை வீட்டுக்கு வந்தேன்" என்று சொல்லியிருந்தால் அது பொய். அந்தப் பொய் நிலைநாட்டப்பட்டால் வாழ்நாள் தடை. விலக்குக் கேட்கலாம், எளிதில் கிடைக்காது. பெட்டியில் சுங்குடிச் சேலை இருப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். டிகிரி ஒரிஜினலும் பிறப்புச் சான்றும் இருந்தால் கேள்வி வரும், செல்போனைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

"90 நாள் கழித்துப் போட்டால் பிரச்சினை இல்லை" என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். அந்த 90 நாள் கணக்கு வெளியுறவுத் துறை 2017-இல் தன் தூதரக அதிகாரிகளுக்காக வகுத்தது. மனுவைப் பார்க்கும் குடியேற்றத் துறை அதற்குக் கட்டுப்பட்டதல்ல. முதல் நாள் சொன்ன பொய் 91-ஆவது நாளிலும் பொய்தான். உங்கள் விஷயத்தில் அப்படி ஏதாவது இருந்தால் மனுவைத் தொடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். பாரம் நிரப்பித் தரும் கடைக்காரர் வக்கீல் இல்லை.

இன்னும் ஊரில் இருக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ இதே மாதிரிச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களா? விசிட்டிங் விசா வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊரிலேயே தாலி கட்டிப் பதிவு செய்துவிட்டு ஐ-130 போடட்டும், அல்லது நிச்சயம் ஆனவர்களுக்கான கே-1 விசாவில் வந்து 90 நாளுக்குள் கல்யாணம் செய்யட்டும். நேர்காணலுக்குச் சென்னை போதாது, மும்பை வரை போக வேண்டும். நாளாகும், ஆனால் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

மதுரைக்காரர்களை உண்மையில் இழுத்தடிப்பது பெயர். பிறப்புச் சான்றில் வெறும் 'மீனா'. மார்க் ஷீட்டில் 'மு. மீனா'. பாஸ்போர்ட்டில் அப்பா முத்துக்கருப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆதாரில் அதே முத்துக்கருப்பன் ஓர் எழுத்துக் குறைந்து நிற்பார். பாரத்தில் வேறு பெயர்கள் கேட்கும் கட்டத்தில் இந்த எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள். சின்ன வித்தியாசம்தானே என்று விட வேண்டாம். நகருக்குள் பிறந்தவர்களுக்குச் சான்று மாநகராட்சியில் கிடைக்கும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் வீட்டிலேயே பிறந்து பதிவாகாதவர்கள், பதிவு இல்லை என்ற சான்றோடு பள்ளிச் சான்றும் பிறப்பை அறிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் உள்ள தாள் எதுவானாலும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

திருப்பரங்குன்றத்தில் ஏற்கெனவே தாலி கட்டிவிட்டு, இங்கே கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் 'முதல் தடவை' மாதிரி இன்னொரு கல்யாணம் செய்துகொள்பவர்களும் உண்டு. முறைப்படி நடந்திருந்தால் கோயில் கல்யாணமும் சட்டப்படி கல்யாணம்தான். பிறகு பாரத்தில் ஒரு தேதி, ஆல்பத்தில் ஒரு தேதி என்று நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

செலவைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஐ-485-க்கு 1,440 டாலர், தாளில் போடும் ஐ-130-க்கு 675 டாலர். போடும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். மருத்துவச் சான்றான ஐ-693-ஐ 2024 டிசம்பர் முதல் மனுவோடே சேர்த்து வைக்க வேண்டும். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை அம்மாவின் பீரோவில் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திரும்ப ஊசி போடுவது மிச்சம்.

மனுப் போட்டபின் ஊருக்குப் போக முடியாது, இதுதான் பெரிய கஷ்டம். ஐ-131 மூலம் முன் அனுமதி வாங்காமல் கிளம்பினால் ஐ-485-ஐக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு, ஐ-94 தேதி தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்புபவருக்கு 3 வருடத் தடை, ஒரு வருடம் தாண்டியிருந்தால் 10 வருடத் தடை. சித்திரைத் திருவிழாவைக்கூட வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் ஐ-131-ஐயும் வேலை அனுமதிக்கான ஐ-765-ஐயும் மனுவோடே போட்டுவிடுங்கள். அந்த அனுமதி கைக்கு வரும்வரை தெரிந்தவர் கடை என்றாலும் சம்பளத்துக்கு நிற்க வேண்டாம்.

கடிதங்களும் கார்டும் தபாலில்தான் வரும். அபார்ட்மெண்ட் தபால் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

நேர்காணலில் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்பார்கள். பெண் பார்க்க வந்தார், ஜாதகம் பொருந்தியது, பெரியவர்கள் பேசி முடித்தார்கள் என்றால் அதையே சொல்லுங்கள். சினிமாக் காதல் கதை எதையும் ஜோடிக்க வேண்டாம். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்கள் கையில் இருக்கட்டும். மொய் நோட்டை மொழிபெயர்த்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கிரீன் கார்டு அனுமதிக்கப்படும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்காவிட்டால், இரண்டு வருடத்துக்கான நிபந்தனைக் கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும், அதற்கும் இதே வகைச் சான்றுகள் தேவைப்படும்.