லினக்ஸ் கணினி தகராறு செய்யும்போது: பழுதையும் நீக்கி, பாதுகாப்பையும் கைவிடாமல் இருக்க

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்ட பிறகு, பினாங்கில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பழைய மடிக்கணினிகள் உபுண்டு, லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றுக்கு மாறிவிட்டன. மாறியவர்கள் கணினித் துறையினர் அல்லர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லிட்டில் இந்தியாவில் கடைக்கணக்கு எழுதுபவர், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை என்று பலதரப்பட்டவர்கள். இவர்களுடைய கணினி முரண்டு பிடிக்கும்போது அது பெரும்பாலும் என் மேசைக்கு வந்து சேரும். அப்படிப் பார்த்தவரையில், வெளியிலிருந்து எவரோ புகுந்து செய்த கேட்டை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்ற பதற்றத்தில், இணையத்தில் கண்ட கட்டளையை உரிமையாளரே ஒட்டி, முழு அதிகாரம் தரும் சூடோ கட்டளை கேட்ட கடவுச்சொல்லையும் கொடுத்துத் தமக்குத் தாமே செய்துகொண்ட கேடுதான் மிகுதி. ஆகவே பழுது நீக்குவதையும் பாதுகாப்பையும் தனித்தனியே பிரிக்காமல் சேர்த்தே சொல்கிறேன்.

கீழே வரும் கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். உபுண்டு, மிண்ட், டெபியன் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன்.

முதலில் கணினி சொல்வதைப் படியுங்கள்

எந்தக் கோளாறானாலும் பிழைச்செய்தியை முழுமையாகப் படித்து, கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, 'லாக்ஸ்' செயலியைத் திறந்து, கோளாறு நேர்ந்த நிமிடத்தில் பதிவான வரிகளை மட்டும் பாருங்கள். நலமாக இருக்கும் கணினியிலும் அங்கே எச்சரிக்கை வரிகள் ஏராளமாக இருக்கும். அவற்றையெல்லாம் நோயின் அறிகுறி என்று எண்ணி ஒவ்வொன்றாகத் தேடப் புறப்பட்டால் பொழுது விடிந்துவிடும்.

பிறகு 'டிஎஃப் -எச்' என்று அடித்து வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பின்பும் நுழைவுத் திரையே மீண்டும் மீண்டும் வந்து நிற்பது, புதுப்பிப்பு பாதியில் முறிவது, உலாவி காரணமின்றி மூடிக்கொள்வது ஆகிய மூன்றுக்குமே நிரம்பி வழியும் வன்தட்டு காரணமாக இருக்கக்கூடும். உள்ளே நுழையவே முடியாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்ற கட்டளையால் பழைய கர்னல்களையும் (இயங்குதளத்தின் உட்கருக்கள்) தேவையற்ற மென்பொருள் பொதிகளையும் நீக்கலாம்; 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்' என்ற கட்டளையால் பதிவேடுகளைச் சுருக்கலாம். இந்த இரண்டாம் கட்டளையின் கடைசி எழுத்து மட்டும் பேரெழுத்து.

நுழைவுத் திரை சுற்றிச் சுற்றி வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நாமே வரவழைத்துக்கொள்வது. சாளரத்தோடு இயங்கும் செயலிகளைச் சூடோ சேர்த்துத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் சில கோப்புகள், குறிப்பாக எக்ஸ்-அத்தாரிட்டி என்ற கோப்பு, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு உரிமையாகிவிடும். பிறகு உங்கள் கோப்பையே உங்களால் திறக்க முடியாது. அந்தக் கோப்பின் உரிமையை 'சௌன்' (சிஎச்ஓடபிள்யூஎன்) கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும். கணினியை அழித்து மறுபடி நிறுவும் வேலை இதற்கு வேண்டியதில்லை.

எட்டு மணி நேரப் புதிர்

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் குறை, கடிகாரம் சரியாக எட்டு மணி நேரம் பிசகி நிற்கிறது என்பதாகும். இதில் வைரஸும் இல்லை, மின்கலப் பழுதும் இல்லை. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று படிக்கிறது. மலேசிய நேரம் பொது நேரத்தைவிட எட்டு மணி முன்னால் இருப்பதால், மாலை மூன்று மணிக்கு விண்டோஸை மூடிவிட்டு லினக்ஸைத் திறந்தால், இணையம் கிடைத்து நேரம் திருத்தப்படும்வரை இரவு பதினொன்று என்று காட்டும். லினக்ஸ் திருத்தி எழுதிய பின் விண்டோஸுக்குத் திரும்பினால் அங்கே காலை ஏழு மணியாக இருக்கும். 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அது நடந்திராவிட்டால் இந்தப் புதிர் ஏழரை மணி நேரப் புதிராக இருந்திருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. இருபடிச் சரிபார்ப்புச் செயலிகள் தரும் ஆறிலக்க எண் பெரும்பாலும் முப்பது நொடிக்கு ஒருமுறை நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதைத் தரும் கணினியின் நேரம் பிசகினால் எண்ணும் பிசகும். இணையத்தளங்களின் சான்றிதழ்களும் காலவரம்பு உள்ளவை. நேரம் தவறான நிலையில் உலாவி 'இந்தத் தளம் பாதுகாப்பானதன்று' என்று எச்சரிக்கும். அதைத் தட்டிக் கழித்து உள்ளே போகப் பழகியவர், நாளை மெய்யாகவே போலியான ஒரு தளத்தில் வரும் எச்சரிக்கையையும் அப்படியே தட்டிக் கழிப்பார். 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்ற கட்டளை லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் செய்யும். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இந்த வழி குழப்பம் தரும் என்று கணினியே எச்சரிக்கும். நம் நாட்டில் அந்த மாற்றம் இல்லாததால் நான் தயங்காமல் இதைச் செய்கிறேன்.

இடி, மின்தடை, பாதியில் நின்ற புதுப்பிப்பு

மாலை நேரத்து இடிமழை பினாங்குக்குப் புதிதன்று. மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினி மின்சாரம் போன நொடியிலேயே அணைந்துவிடும். புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தால் பொதிகள் பாதி நிறுவிய நிலையில் நிற்கும். கணினி மீண்டும் எழுந்ததும் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்றும், அதன்பின் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்' என்றும் கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்துக்கொள்ளும்.

பொதிகளின் தரவுத்தளத்தை வேறொரு நிரல் பூட்டி வைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால், பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். உபுண்டு, எழுந்தவுடன் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும். அந்த வேளையில்தான் இந்தப் பூட்டு பெரும்பாலும் விழுகிறது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் தானே திறந்திருக்கும். அவசரப்பட்டு அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் எழுதி, சிறிய காத்திருப்பைப் பெரிய பழுதாக மாற்றிவிடும்.

கணினி எழவே மறுத்தால், தயாரிப்பாளர் சின்னம் மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள். பயாஸ் என்ற பழைய முறையில் தொடங்கும் கணினியானால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் முந்தைய கர்னல் இருக்கும். அதில் எழுந்தால் குற்றம் புதிய கர்னலிடம் இருக்க வாய்ப்பு அதிகம்; அடுத்த திருத்தம் வரும்வரை பழையதிலேயே வேலை செய்யலாம்.

கணினி எழும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஏற்கும் காப்பு 'செக்யூர் பூட்'. நீலத் திரையைக் கண்டு அதை அணைத்துவிடுபவர்களும் உண்டு. என்விடியா, பிராட்காம் போன்ற வன்பொருள்களை இயக்கும் டிரைவர்களை நிறுவும்போது சில வேளைகளில் ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை தோன்றும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்து 'கன்டின்யூ' கொடுத்துவிட்டால் டிரைவர் ஏறாது, வைஃபை வராது, பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு 'செக்யூர் பூட்' காப்பையே அணைத்துவிட நேரும். டிரைவரை மறுபடி நிறுவினால் அந்தத் திரை மீண்டும் வரும். பொறுமையாக ஒப்புதல் கொடுங்கள்.

சூடோ கேட்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு தீர்வில் '777' என்ற எண்ணோடு, கோப்பு அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மோட்' வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், இயக்கலாம் என்று எழுதிக் கொடுப்பதே அதன் பொருள். வீட்டுக் கதவின் பூட்டு இறுகியிருக்கிறது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதைப் போன்றது அது. இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி, படிக்காமலே நேராக சூடோவுக்குக் கைமாற்றும் ஒற்றைவரிக் கட்டளைகளும் இந்த வகைதான். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் எழுதித் தரும் கட்டளைகளையும் இதே தராசில் நிறுங்கள். கட்டளையின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று 'மேன்' என்ற கையேட்டுப் பக்கத்தில் பார்த்த பிறகே இயக்குங்கள்.

மென்பொருள் பொதிகளைத் தரும் கூடுதல் களஞ்சியங்களைச் சேர்ப்பதும் சிறிய செயலன்று. அதிலிருந்து வரும் பொதி நிறுவப்படும்போது ரூட் அதிகாரத்தோடு நிரல்களை இயக்கும். அந்தக் களஞ்சியத்தை நடத்துபவர் நாளை மாறினாலும் அதிகாரம் அப்படியே தொடரும். 2025 ஜூலையில், ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் தாமே பங்களிக்கும் களஞ்சியத்தில், பிரபல உலாவிகளின் திருத்தப்பட்ட வடிவங்கள் என்ற பெயரில் தொலைவிலிருந்து கணினியை ஆளும் தீநிரல் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து நீக்கினார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்டின் இணையத்தளமே ஊடுருவப்பட்டு, 17.3 சின்னமன் பதிப்பின் இறக்கச் சுட்டி பின்கதவு (மறைவான நுழைவழி) வைத்த கோப்புக்குத் திருப்பப்பட்டது. நிறுவும் கோப்பை இறக்கியதும் 'எஸ்எச்ஏ256சம்' கட்டளையால் அதன் கைரேகையைக் கணக்கிட்டு, தளத்தில் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிடச் சொல்வது இதனால்தான். அன்றைய நிகழ்வில் தளமே திருடர் கையில் இருந்ததால், ஒப்பிடும் பட்டியலின் கையொப்பத்தையும் ஜிபிஜி என்ற கருவி கொண்டு சரிபார்ப்பதே முழுமையான காப்பாகும்.

புதியது எதுவானாலும் உடனே வேண்டும் என்பவர்களுக்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். அந்தப் பதிப்புகள் சோதனை நிலையில் இருந்த வெளியீடுகளைத்தான் பெரும்பாலும் எட்டியிருந்தன; டெபியன், உபுண்டு ஆகியவற்றின் நிலையான வெளியீடுகளுக்கு வரவில்லை. அன்றாட வேலைக்கு நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். உபுண்டு 24.04க்கு வழக்கமான ஆதரவு ஐந்தாண்டுகள் உண்டு.

ஃபயர்வால் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் அணைந்த நிலையில் இருக்கும். 'சூடோ யுஎஃப்டபிள்யூ இனேபிள்' என்று ஒருமுறை கொடுத்தால், நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளை அது மறுக்கும். 'சூடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்' எந்த நிரல் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறது என்று காட்டும்: 127 என்று தொடங்கும் முகவரி கணினிக்குள் மட்டும், 0.0.0.0 என்றால் ஃபயர்வால் தடுக்காதவரை, மமாக் உணவுக்கடை வைஃபையில் பக்கத்து மேசைக்காரருக்கும் அந்தக் கதவு தெரியக்கூடும். என்றோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து நிறுவிய எஸ்எஸ்எச் சேவையகம் அங்கே தென்பட்டால், பயன்படுத்தாதவரை நீக்கிவிடுங்கள்.

வங்கி மோசடிக்கு லினக்ஸ் தடுப்பூசி அன்று. குறுஞ்செய்தியில் வரும் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு உங்கள் உபுண்டுவில் சாதாரணமாக ஓடாது. ஆனால் வங்கியின் முகப்பைப் போலவே வரையப்பட்ட பக்கம் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரிதான் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், கணினியைச் சோதிப்பதை ஒத்திவைத்து, உடனே வங்கியையும் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள்.

கணினியிலேயே எவரோ புகுந்திருப்பதாக ஐயம் எழுந்தால், வேலையின்றி இருக்கும்போதும் விசிறி ஓயாமல் சுழல்கிறதா, ஓடும் நிரல்களைக் காட்டும் 'டாப்' பட்டியலின் உச்சியில் அறியாத நிரல் இருக்கிறதா, நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் 'கிரான்டேப் -எல்' உங்களுக்குத் தெரியாத வேலை எதையும் காட்டுகிறதா, எஸ்எஸ்எச் கோப்புறையில் உங்களுடையதல்லாத சாவி இருக்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் உறுதிப்பட்டால் இணையத்தைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, முழுவதும் அழித்து மறுபடி நிறுவுங்கள். இயங்குதளத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் வைத்திருப்பதால் எல்லாம் பத்திரம் என்று நம்ப வேண்டாம்: அது இயல்பாகவே வீட்டுக் கோப்புறையைச் சேமிப்பதில்லை; உங்கள் ஆவணங்களுக்குத் தனியாக ஒரு வெளித்தட்டு வேண்டும். மறுபடி நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் கடவுச்சொல்லின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் தேர்வைக் குறித்துவிடுங்கள், பின்னாளில் அதைச் சேர்ப்பது கடினம். நகலிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த அமைப்புக் கோப்புகளை விட்டுவிடுங்கள், ஏனெனில் கணினி எழும்போதெல்லாம் தானாக ஓடும் நிரல்கள் அவற்றுக்குள்ளும் ஒளிந்திருக்க முடியும்.