உருமறைப்புச் சீருடை எந்த நாட்டுடையது என்று கண்டறிவது எப்படி?

உருமறைப்புச் சீருடையின் படம் ஒன்றைக் காட்டி விவரிக்கச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். பச்சையும் பழுப்பும் கறுப்பும் கலந்திருக்கிறது என்பார்கள். அந்த விவரத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. காட்டுப் பகுதிக்கென அச்சிடப்படும் துணிகளில் உலகம் முழுவதும் ஏறக்குறைய இதே மூன்று நான்கு நிறங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மேலும் துவைப்பிலும் வெயிலிலும் சாயம் மங்குகிறது. மாலை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பச்சைகூடப் பழுப்பாகத் தெரிகிறது. ஆனால் திட்டுகளின் உருவம், எத்தனை முறை துவைத்தாலும், துணி கிழியும் வரை அப்படியே இருக்கும். ஆகவே முதலில் உருவத்தைப் பாருங்கள்; நிறத்தைக் கடைசிக்கு முந்திய படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எளிய வழி, படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவது. நிறம் போனதும் கண் தானாகவே திட்டுகளின் விளிம்புகளைத் தேடத் தொடங்கும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: விளிம்பு வெட்டியது போல் தெளிவாக இருக்கிறதா, தூரிகையால் இழுத்தது போல் பிசிறு தட்டியிருக்கிறதா, அல்லது புள்ளிகளாகவோ சிறு சதுரங்களாகவோ உடைந்திருக்கிறதா? திட்டுகள் கிடையாக ஓடுகின்றனவா, நெடுக்காகவா, திசையே இல்லாமலா? ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கிறதா, அல்லது பக்கத்தில் பொருந்தி நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் துணியில் பதிந்த வடிவமைப்பு, அதாவது அச்சு, எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் நான் பல முறை ஏமாந்த ஓர் இணையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்81 வுட்லேண்ட், பிரிட்டனின் டிபிஎம் ஆகிய இரண்டு அச்சுகளிலும் மணல்நிறம், பச்சை, பழுப்பு, கறுப்பு என்று நான்கே நிறங்கள். நிறத்தை எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. வுட்லேண்ட் 1948-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வரையப்பட்ட ஓர் அச்சை ஏறக்குறைய 60 விழுக்காடு பெரிதாக்கி, 1981-இல் பொதுச் சீருடைக்குக் கொண்டுவந்தது. அதன் திட்டுகள் நிலப்படத்தில் தீவுகளின் கரையோரம் போல வளைந்து நெளிந்தாலும் விளிம்பு முழுமையானது. கறுப்பு மட்டும் ஒடிந்த கிளைகளைப் போல அவற்றின் மேல் கிடக்கும். டிபிஎம் 1960களில் வந்தது. அதன் பச்சையும் பழுப்பும் முடியும் இடத்தை அருகில் சென்று பாருங்கள்: சாயம் வற்றிய தூரிகையை இழுத்தது போல நீண்ட கீற்றுகளாகப் பிரிந்து தேயும், இடையிடையே பொடிப் புள்ளிகளும் தென்படும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான்குடைப் படையினர் அணிந்த டெனிசன் மேலங்கியிலிருந்து வந்த தூரிகை மரபு அது. சட்டைக் கையில் ஒரு சாண் துணி தெரிந்தாலே போதும். இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

அதே டெனிசன் மரபின் இன்னொரு கிளை பிரான்சில் 1940களின் இறுதியில் உருவான 'பல்லி' அச்சு. வெளிர் அடிநிறத்தின் மேல் பச்சையும் பழுப்பும் குறுகிய கிடைக்கீற்றுகளாக ஓடி, ஒன்றின் மேல் ஒன்று படியும். பின்னர் வியட்நாமில் தோன்றிய 'புலிவரி' அச்சைப் பல்லியோடு குழப்பிக்கொள்வது எளிது. புலிவரியில் கறுப்புப் பட்டைகள் அகலமானவை. மற்ற நிறங்களோடு விரல் கோத்தது போலப் பொருந்தி நிற்கும். அமெரிக்கர்கள் அதைப் பரவலாக அணிந்தாலும், அது பொது வழங்கலில் இருந்த சீருடை அல்ல. பெரும்பாலும் உள்ளூர்த் தையலகங்களில் உருவானது. எனவே ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்ட பல வகைகள் கிடைக்கின்றன. குறிப்பிட்ட ஒரு மாதிரியோடு அது பொருந்தவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

புள்ளிக் குடும்பத்தில் முதன்மையானது ஜெர்மனியின் ஃப்ளெக்டார்ன். அதில் திட்டுக்கு விளிம்புக்கோடே கிடையாது. நடுவில் அடர்ந்த புள்ளிகள் ஓரத்தில் சிதறி, பக்கத்து நிறத்தின் புள்ளிகளோடு கலக்கின்றன. இரண்டு நிறம் மூன்றாகத் தோன்றுவது அதனால்தான். மொத்தம் ஐந்து நிறங்கள். டென்மார்க்கின் எம்84 இதன் நெருங்கிய உறவு, ஆனால் அதில் மூன்றே நிறங்கள். பழுப்பு அறவே இல்லை. இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்த பிறகுதான் நிறத்தை எண்ணுவதற்குப் பயன் இருக்கிறது.

கோணக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் ஜெர்மனி முதலில் கூடாரத் துணிக்காக உருவாக்கிய 'சில்லு' அச்சும், ஸ்வீடனின் எம்90-உம் கண்ணாடி உடைந்தது போன்ற நேர்க்கோட்டு விளிம்புகளைக் கொண்டவை. கிழக்கு ஜெர்மனியின் அச்சோ சாம்பல் கலந்த அடிநிறத்தில் மழைத்தாரை போன்ற குறுகிய செங்குத்துக் கோடுகள் மட்டுமே.

சதுரப்புள்ளி அச்சுகளில்தான் பொறுமை வேண்டும். சிறு சதுரங்கள் நவீனத் தோற்றத்துக்காக வந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை தொலைவில் ஒன்றோடொன்று கலந்து விளிம்பை மென்மையாக்குகின்றன. அவற்றால் ஆன பெரிய திட்டுகள் மனித உருவத்தின் எல்லைக்கோட்டை உடைக்கின்றன. ஒரே அச்சில் இரண்டு அளவுகளும் வேலை செய்ய வேண்டும். கனடா 1990களின் பிற்பகுதியில் ஏற்றுக்கொண்ட காட்பாட் இவ்வகைக்கு வழிகாட்டி. அதன் காட்டு வகையில் இரண்டு பச்சைகள் மேலோங்கி நிற்கும். அதைப் பின்பற்றி 2002-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை வெளியிட்ட மார்பாட்டில் காக்கியும் செம்பழுப்பும் கூடுதல். ஐயம் தீரவில்லையெனில் துணியைக் கண்ணருகே கொண்டுசெல்லுங்கள்: மார்பாட்டின் சதுரங்களுக்கிடையே அப்படையின் கழுகு, உலக உருண்டை, நங்கூரச் சின்னம் மிகச் சிறியதாக அச்சிடப்பட்டிருக்கும். 2004-இல் அமெரிக்கத் தரைப்படை அறிவித்த யுசிபி இதே சதுர உருவங்களைக் கொண்டது. ஆனால் கறுப்பு இல்லை, மங்கிய சாம்பலும் மணலும்தான். பாலை, காடு, நகரம் மூன்றுக்கும் ஒரே துணி என்பது அதன் நோக்கம். ஆனால் நிறங்களுக்கிடையே வேறுபாடு போதாததால் சற்றுத் தொலைவிலேயே திட்டுகள் கரைந்து ஒரே வெளிர்நிறமாகிவிடும். உடலின் எல்லைக்கோடு அப்படியே நிற்கும். நல்ல உருவம்கூட ஒளி-இருள் வேறுபாடு இல்லாவிட்டால் பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. 2015-இலிருந்து அத்தரைப்படை வேறு அச்சுக்கு மாறியது.

அமெரிக்காவில் உருவான, நிறம் இழைந்து மாறும் மல்டிகேம் என்ற அச்சின் வகைகளில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டன் 2010-இல் கொண்டுவந்த எம்டிபியின் நிறங்கள் மல்டிகேமினுடையவை. உருவங்களோ பழைய டிபிஎம்மின் தூரிகை வீச்சுகள். நிறத்தை நம்பினால் அமெரிக்காவுக்குப் போய்விடுவீர்கள்; கறுப்பு வெள்ளையில் பார்த்தால் பிரிட்டன் தெரியும்.

சீருடை கையிலேயே இருந்தால் உள்பக்கச் சீட்டைத் தேடுங்கள். நேட்டோ நாடுகளும் அதன் முறையைப் பின்பற்றும் நாடுகளும் 13 இலக்க இருப்பு எண்ணை அச்சிடுகின்றன. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை. உடைகளில் அடிக்கடி 8415 அல்லது 8405 வரும். அடுத்த இரண்டு இலக்கம் எண்ணை வழங்கிய நாடு: 00 அல்லது 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 21 கனடா, 66 ஆஸ்திரேலியா, 99 பிரிட்டன். சீட்டு இல்லாத உடை போலி என்று முடிவுகட்ட வேண்டாம். தோலில் உறுத்தியதால் அதை வெட்டியெறிந்தவர்கள் ஏராளம்.

அச்சு எந்த நாட்டில் பிறந்தது என்பதும், அதை அணிந்திருப்பவர் எந்த நாட்டவர் என்பதும் வேறு வேறு கேள்விகள். வுட்லேண்டைப் பல நாட்டுப் படைகள் எடுத்துக்கொண்டன; டிபிஎம்மின் உருவங்களை நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் தம் சீருடைகளில் பயன்படுத்தின. ஆகவே குறிப்பெழுதும்போது அச்சின் பெயரை ஒரு வரியிலும், தைப்பு முறை, பைகளின் அமைப்பு, தோள் சின்னம் ஆகியவற்றிலிருந்து ஊகித்த படையின் பெயரை அடுத்த வரியிலும் எழுதுங்கள். பின்னர் ஒன்று தவறென்று தெரிந்தாலும் மற்றொன்றை அழிக்க வேண்டியிராது.