ஊர் தெரிந்தால் மாவட்டம் தெரியுமா? டேபிளிடமே கேட்கும் முறை

குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் டேபிள்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பில் எண், பார்ட்டி கோடு, பெயர், ஊர், மாவட்டம், ஐட்டம் கோடு, ரகம், விலை, எண்ணிக்கை எல்லாம் ஒரே டேபிளில் கிடந்தன. அதைப் பிரிக்கும் முன் ஃபங்ஷனல் டிபெண்டன்சியை, அதாவது எந்த நெடுவரிசை எதைச் சார்ந்தது என்பதைச் சோதிக்க வேண்டும். ஊர் ஒன்றாக இருக்கும் வரிகளில் எல்லாம் மாவட்டமும் ஒன்றாகவே இருந்தால், மாவட்டம் ஊரைச் சார்ந்தது. விஷயம் அவ்வளவுதான்.

முதலில் டிரிம் போட்டு (முன்னும் பின்னும் உள்ள வெற்று இடத்தை நீக்கி) எழுத்துகளைச் சுத்தம் செய்யுங்கள். குடியாத்தத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதைச் சரிசெய்யாமல் சோதித்தால் வரும் பதிலை நம்ப முடியாது. அப்புறம் டேபிளிடம் கேட்கும் இந்த வினவல் (SQL query):

செலக்ட் ஊர் ஃப்ரம் பில்
குரூப் பை ஊர்
ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்க்ட் மாவட்டம்) > 1

ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டம் உள்ள ஊர்களை இது காட்டும். ஒரு வரி வந்தாலும் சார்பு உடைந்தது என்று பொருள். எனக்கு ஆற்காடும் ஆம்பூரும் வந்தன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போயின. பழைய பில்களில் இரண்டுக்கும் வேலூர் என்றே இருந்தது. அது தப்பான பதிவு அல்ல, அன்றைக்குச் சரியானதுதான். இன்றைய மாவட்டம் போதும் என்று முதலாளி சொன்ன பிறகே திருத்தி, ஊர் டேபிளுக்கு மாற்றினேன். பழையதும் வேண்டும் என்றிருந்தால் ஊரோடு தேதியும் சேர்ந்துதான் மாவட்டத்தைத் தீர்மானிக்கும்.

கவுண்ட் டிஸ்டிங்க்ட், நல் (NULL, அதாவது காலியான) மதிப்புகளை எண்ணாது. ஒரு வரியில் மாவட்டம் இருந்து இன்னொன்றில் காலியாக இருந்தாலும் 1 என்றே காட்டும். காலியானவற்றைத் தனியாக எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு முறை வந்த ஊர்களும் எதையும் நிரூபிக்காது.

விலையில்தான் நான் பெரிய தவறு செய்தேன். ஒரு மாத பில்களை மட்டும் வைத்துச் சோதித்தேன். ஐட்டம் கோடு தெரிந்தால் விலை தெரியும் என்று வந்தது. விலையை பில்லிலிருந்து எடுத்து ஐட்டம் டேபிளில் வைத்துவிட்டேன். நூல் விலை ஏறியது, லுங்கி விலையையும் ஏற்றினோம். மறுபடி எடுத்த பழைய பில்களின் தொகையெல்லாம் மாறிவிட்டது. டேபிளில் உள்ள வரிகள் ஒரு சார்பு இல்லை என்று காட்டும்; என்றைக்கும் உண்டு என்று காட்டாது. அதை வியாபாரம் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும். விலையைத் திரும்ப பில் வரிக்கே கொண்டுவந்தேன்.

இரண்டு நெடுவரிசை சேர்ந்து தீர்மானிப்பதற்கும் இதே வினவல்தான். குரூப் பையில் இரண்டையும் போடுங்கள். பில் எண்ணும் ஐட்டம் கோடும் சேர்ந்தால் எண்ணிக்கை தெரியும் என்று நினைத்தேன், உடைந்தது. பில் போட்டு முடிக்கும் நேரத்தில் பார்ட்டி "இன்னும் பத்து போடுங்க" என்பார். அது தனி வரியாக ஏறியிருந்தது. அதனால் பில்லுக்குள் வரிசை எண் என்று ஒன்றைச் சேர்த்தோம்.