யாழ்ப்பாணத்தில் செங்கட்டி (செங்கல்) அறுப்போர் விடும் பிழைகள்

சூளை பிரித்தபோது சிவந்து, தட்டினால் கணீரென்று ஒலித்த செங்கட்டி, சில நாளில் முகம் பொரிந்து கிடக்கும். பொரிந்த குழியைச் சுரண்டினால் நடுவில் மிளகளவு வெள்ளை மணி. குற்றம் நெருப்பில் இல்லை, மண்ணில்.

குடாநாட்டின் செம்மண் சுண்ணக்கல்லின் மேல்தான் படிந்திருக்கிறது. கொஞ்சம் ஆழமாக வெட்டினால் கல்லும் கூடவே வரும். 850 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் அந்தக் கல் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரம் பட்டே நீறிப் பருத்துக் கட்டியை உள்ளிருந்து உடைக்கிறது. வன்னிக் களிமண் ஏற்றி வந்தோம், பயமில்லை என்றிருக்க வேண்டாம். அச்சில் ஒட்டாதிருக்கத் தூவும் கடற்கரை மணலில் சிப்பித் துண்டும் உண்டு, உப்பும் உண்டு. சிப்பியும் சுண்ணாம்புதான்.

மண் எடுக்குமுன் ஒரு பிடியில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அந்த மண்ணை உலர்த்தி, இடித்து, 2 மி.மீ. கண் அரிதட்டில் அரித்தெடுக்க வேண்டும். மாவாகக் கலந்த சுண்ணாம்பு அவ்வளவு கெடுக்காது, மணிதான் கெடுக்கும். சுட்ட பிறகு தெரியவந்தால், ஆறிய கையோடு கட்டிகளைத் தொட்டி நீரில் முழுதாக அமிழ்த்துங்கள். மேலாகத் தண்ணீர் தெளிப்பது பொரிவைக் கூட்டும்.

குழைக்க உவர்க் கிணற்று நீர் வேண்டாம். சுவர் எழும்பிய பிறகு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சையும் கிளப்பிவிடும்.

மண்ணை ஓரிரவு ஊறவிட்டு மிதிக்கும்போது, அச்சில் சுகமாக இறங்கட்டும் என்று நீரை ஊற்றுபவர்கள் அதிகம். அச்சைத் தூக்கியதும் மூலைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொய்ந்தால் நீர் கூடிவிட்டது. மண் காய்ந்து சுடும்போது சுருங்கும் என்பதால் அச்சும் பெரிதாக இருக்க வேண்டும். 8 வீதம் சுருங்கும் மண்ணில் 220×105×65 மி.மீ. கட்டி வேண்டுமென்றால் அச்சின் உள்ளளவு ஏறத்தாழ 239×114×71 மி.மீ. உங்கள் மண்ணின் சுருக்கத்தை நாலைந்து கட்டி சுட்டு அளந்த பின்பே தச்சரிடம் போங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் கட்டி சீக்கிரம் காய்வதை லாபமென்று எண்ணுகிறார்கள். மேற்புறம் முந்திச் சுருங்க, உள் ஈரம் இடங்கொடாது, வெடிப்பு விழும். காற்றுப் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டி, முதல் இரண்டு நாள் படுக்கையாகவும் பிறகு பக்கவாட்டில் நிமிர்த்தியும் வைத்து, விரல் நுழையும் இடைவெளியோடு அடுக்குங்கள். இரண்டு கிழமை செல்லும். ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவில் கருமை இருக்கக்கூடாது.

சூளையில் அவசரப்பட்டால் அத்தனை உழைப்பும் வீண். முதலில் சிறு நெருப்புத்தான். மேலிருந்து ஓர் இரும்புக் கம்பியை இறக்கிச் சற்றுப் பொறுத்து எடுங்கள். அதில் நீர்த்துளி நின்றால் நீராவி இன்னும் போகவில்லை. அப்போது விறகைக் கூட்டினால் கட்டி உள்ளேயே வெடிக்கும். காற்று அடிக்கும் பக்கத்துச் சூளைக் கண்களை, அதாவது விறகு போடும் வாய்களை, பாதி அடையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் உருகி ஒட்டிக்கொள்ள, மறுபக்கம் வேகாமல் நிற்கும். எரித்து முடிந்ததும் கண்களை மண்ணால் பூசி, கை வைக்கக்கூடிய சூடு வரும்வரை விடுங்கள். பெரிய சூளைக்கு ஒரு கிழமையும் ஆகும். வேகாத கட்டியை விற்க வேண்டாம், அடுத்த சூளையில் வெளி அடுக்காக வைக்கலாம்.