புது கேமிங் கம்ப்யூட்டரா? ரேம் வேகத்தை ஒருக்கா பாருங்க

பாளையங்கோட்டையில தம்பி மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்தேன். 6000 வேக டிடிஆர்5 ரேம் வாங்கியும் 4800-லதான் ஓடிச்சு. பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதோட சொன்ன வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்கை, ஆன் பண்ணணும். ஏஎம்டி போர்டுல அதுக்குப் பேரு எக்ஸ்போ. ரேம் ரெண்டுன்னா, நாலு ஸ்லாட் போர்டுல பெரும்பாலும் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ல மாட்டணும். மானிட்டர் கேபிளை மதர்போர்டுல சொருகிராதீங்க, கிராபிக்ஸ் கார்டுலதான். 144 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 144 தடவை படம் மாத்துற) மானிட்டர்னா விண்டோஸ் செட்டிங்ஸ்லயும் பாருங்க, பல நேரம் 60-லயே நிக்கும். பவர் சப்ளையில மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம், அது வெடிச்சா மத்த சாமானையும் இழுத்துட்டுப் போகலாம்.

வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காத்து புழுதியை அள்ளிட்டு வரும். டஸ்ட் ஃபில்டர் வச்ச கேபினட்டா எடுத்து, மாசம் ஒருக்கா ஃபில்டரைக் கழத்தித் தட்டுங்க.